அரை மணிக்கு ஒரு முள்

சென்னையில் இரவு 8 மணி என்றால் துபாயில் மாலை 6.30. சிங்கப்பூரில் 10.30. லண்டனில் குளிர்காலமானால் பிற்பகல் 2.30, கோடையானால் 3.30. டொராண்டோவில் காலை 9.30 அல்லது 10.30. மெல்பர்னில் நள்ளிரவு தாண்டி 12.30 அல்லது 1.30. தமிழர்கள் பெருவாரியாகப் போய்க் குடியேறிய ஊர்களை எந்த வரிசையில் அடுக்கினாலும், நம் மணிக்கும் அவர்கள் மணிக்கும் நடுவே ஓர் அரை மணி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கைக்கடிகாரம் செய்யும் உலகம் இந்த அரை மணியை அநேகமாகக் கணக்கில் வைத்ததே இல்லை. இரண்டு ஊர் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றைச் சொல்லிச் செய்துகொள்ள விரும்பும் நம்மவர், அதற்குள் எந்த மெஷினை வைப்பது என்று கேட்டால் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை முழுவதும் முழு மணிக் கணக்கில் வாழ்கிற நாடுகளிலிருந்து வந்தது. அந்த அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொண்டால் நல்ல விலை கொடுத்து, நல்ல மெஷின் போட்டு, தன் சொந்த ஊர் நேரத்தையே சரியாகக் காட்டாத கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ள நேரும். இதைத் தவிர்க்க முடியும். அதற்குச் செலவும் அதிகமில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருச்சியில் ஒரு தகப்பனார், மகள் டொராண்டோவில். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. வாழ்நாளெல்லாம் ஒரு எச்எம்டி கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுத்துக் கட்டிய கை அது. செல்போனில் நேரம் பார்க்கலாம்தான். ஆனால் இரவு சாப்பாடு முடிந்து மகளைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும்போது அவர் பார்ப்பது மணிக்கட்டைத்தான். ஒருமுறை கணக்குத் தவறிக் கூப்பிட்டுவிட்டால் மறுமுனையில் “என்னப்பா, இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்ற பதறல். அப்புறம் பத்து நாளைக்கு அவர் தாமாகக் கூப்பிடவே மாட்டார். மகள் ஒரு கடிகாரம் செய்து கொடுக்க நினைக்கிறாள். உறை ஓரிடம், டயல் ஓரிடம், முட்கள் ஓரிடம் என்று வாங்கிக் கோத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: “எந்த மெஷின்?”

மூவ்மென்ட் என்று வெளிநாட்டார் சொல்வதைத்தான் நம் ஊர் வாட்ச் கடைகளில் மெஷின் என்கிறார்கள். இரட்டை நேர மெஷினின் கதை விமானத்தில் தொடங்குகிறது. பான் ஆம் விமானிகளுக்காக ரோலெக்ஸ் நிறுவனம் 1955இல் ஜிஎம்டி மாஸ்டர் என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. வழக்கமான மூன்று முட்களோடு நான்காவதாக ஒரு முள். அது நாளுக்கு ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். மணிக்கு 15 டிகிரி. டயலைச் சுற்றியிருக்கும் வளையத்தில், அதாவது பெசலில், 24 மணிக்கான எண்கள். அந்த முதல் மாதிரியில் நான்காவது முள்ளைத் தனியாக நகர்த்த முடியாது. மணி முள்ளோடு அது கட்டுப்பட்டே ஓடும். இன்னொரு ஊர் நேரம் வேண்டுமானால் பெசலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். 1980களின் தொடக்கத்தில் வந்த ஜிஎம்டி மாஸ்டர் இரண்டில்தான் மணி முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவும் வசதி வந்தது. விமானத்திலிருந்து இறங்கியவர் சாவியை ஒரு படி இழுத்துத் திருகினால் போதும். நிமிடமும் விநாடியும் தடைபடாமல் ஓடிக்கொண்டிருக்க, மணி முள் மட்டும் டக் டக் என்று புது ஊர் மணிக்குப் போய் நிற்கும்.

இன்று கடைக்கு வரும் மெஷின்கள் இரண்டு வகை. மேலே சொன்னதுபோல உள்ளூர் மணி முள் தாவுகிறது ஒரு வகை. இதை ஃப்ளையர் என்கிறார்கள், பறக்கிறவருக்கானது என்ற பொருளில். மற்றதில் மணி முள் இருந்த இடத்திலேயே இருக்கும்; 24 மணி முள்தான் தாவும். ஊரில் உட்கார்ந்துகொண்டு வேறு ஊர்க்காரருக்குப் போன் போடுகிறவருக்கானது இது. ஆசைக்குக் கடிகாரம் சேர்ப்பவர்களிடையே முதல் வகைக்கு “உண்மையான ஜிஎம்டி” என்று ஒரு பட்டமே உண்டு. இரண்டாவது வகை என்றால் கொஞ்சம் இளக்காரம். அதிலிருந்தே அறிவுரையும் வந்துவிடுகிறது: காசு கொஞ்சம் கூடப் போனாலும் பறக்கிறவர் மெஷினையே போடுங்கள்.

இந்தப் பட்டம் நமக்குப் பொருந்தாது. ஏன் என்பதை ஒரு துபாய்ப் பயணத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

சென்னையில் காலை 10 மணி. கையில் பறக்கிறவர் மெஷின் போட்ட கடிகாரம். மணி முள் 10இல்; 24 மணி முள்ளும் 10இல். துபாயில் அப்போது 8.30. சாவியை ஒரு படி இழுத்து மணி முள்ளை ஒரு மணி பின்னால் தாவ வைத்தால் 9 ஆகிறது. இன்னும் அரை மணி மிச்சம். இன்னொரு முறை தாவினால் 8; அரை மணி குறைவு. அரை மணியைத் தாவ அந்தச் சக்கரத்தில் பல் இல்லை. எனவே சாவியை இன்னொரு படி இழுத்துக் கடிகாரத்தை நிறுத்தி, நிமிட முள்ளை முப்பது நிமிடம் பின்னால் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது நிமிட முள்ளோடு பல் கோத்திருக்கும் 24 மணி முள்ளும் அரை மணி பின்னால் வந்துவிடுகிறது. ஊரில் 10 மணியாக இருக்க, கடிகாரம் 9.30 என்கிறது. நிமிடம் தடைபடாது என்பதும், வீட்டு நேரம் அசையாது என்பதும்தான் இந்த மெஷினுக்கு மற்றதைவிடக் கூடுதல் விலை கொடுப்பதற்கான காரணங்கள். துபாய் விமான நிலையத்திலேயே இரண்டும் கழன்றுவிட்டன.

மிச்சமிருக்கும் வழி பெசல். அரை மணி என்பது 24 மணி வட்டத்தில் ஏழரை டிகிரி. பெசலை ஏழரை டிகிரி திருப்பினால் வீட்டு நேரம் மீண்டும் சரியாகிவிடும். ஆனால் எல்லாப் பெசலும் ஏழரை டிகிரியில் நிற்காது. இன்றைய ஜிஎம்டி மாஸ்டர் இரண்டின் பெசல் ஒரு சுற்றுக்கு 24 முறை “க்ளிக்” என்று நிற்கும். ஒவ்வொன்றும் முழு மணி. அரை மணியில் நிறுத்த முடியாது. டைவர் கடிகாரங்களில் வழக்கமாக வரும் 120 க்ளிக் பெசலிலும் கணக்கு ஒத்துவராது. ஒரு க்ளிக் மூன்று டிகிரி, ஏழரைக்கு இரண்டரை க்ளிக் வேண்டும். டியூடர் நிறுவனத்தின் பிளாக் பே ஜிஎம்டியில் 48 க்ளிக். அது சரியாக அரை மணிக்கு ஒன்று. எனவே பறக்கிறவர் மெஷினைத்தான் போடுவேன் என்று இந்தியாவிலிருந்து அடிக்கடி வெளிநாடு போகும் ஒருவர் உறுதியாக இருந்தால், மெஷினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உறையின் பெசலுக்கு எத்தனை க்ளிக் என்று கேட்க வேண்டும். 48, அல்லது க்ளிக்கே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிற பெசல். பழைய ஜிஎம்டி மாஸ்டர்களில் அப்படி வழுக்கும் பெசல்தான் இருந்தது. எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். அரை மணி நாட்டுக்காரருக்கு அந்தப் பழைய ஏற்பாடு உதவியது போலப் பின்னால் வந்தது உதவவில்லை.

திருச்சித் தகப்பனார் எங்கும் பறக்கப்போவதில்லை. இந்தியாவில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றும் வழக்கமும் இல்லை. ஆக அவருடைய உள்ளூர் மணி முள்ளைத் தொடவே தேவையில்லை. தொட வேண்டியது மகள் ஊர் முள்ளை மட்டும்; அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை, கனடாவில் மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையும் நேரம் மாறும்போது. இவருக்கு உரியது போன் போடுகிறவர் மெஷின். இளக்காரமாகச் சொல்லப்படுகிற அதே வகை.

அதிலும் அரை மணிச் சிக்கல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த 24 மணி முள்ளும் முழு மணி முழு மணியாகத்தான் தாவும். திருச்சியில் இரவு 8 மணிக்கு அதை 9இல் நிறுத்தலாம், 10இல் நிறுத்தலாம், 9.30இல் நிறுத்த முடியாது. கடையில் ஆயத்தமாக வாங்கும் கடிகாரத்தில் இது தீராத குறை. சொல்லிச் செய்கிற கடிகாரத்தில் தீர்ந்துவிடும்.

முட்கள் மெஷினோடு பற்றவைக்கப்பட்டவை அல்ல. நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் மெல்லிய குழல்களின் மேல் ஒவ்வொரு முள்ளும் அழுத்திச் செருகப்படுகிறது, இறுக்கத்தில் நிற்கிறது. செருகும்போது எந்தக் கோணத்தில் வைக்கிறோமோ அந்தக் கோணம்தான். வாட்ச் வேலை செய்பவர் சாவியைத் திருகிக்கொண்டே வந்து, தேதி மாறும் அந்த நொடியில் நிறுத்துவார். அதுதான் மெஷினுக்கு நள்ளிரவு. அந்த நிலையில் மணி முள்ளை 12இல் வைத்து அழுத்துவார், நிமிட முள்ளையும் அப்படியே. 24 மணி முள்ளையும் வழக்கப்படி ஒரு மணிக் கோட்டுக்கு நேராக வைத்துவிடுவார். அந்த ஒரு முள்ளை மட்டும் இரண்டு கோடுகளுக்கு நட்டநடுவே, ஏழரை டிகிரி தள்ளி அழுத்தச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு சாவியைத் திருகத் திருக முள் முழு மணியாகவே தாவும். ஆனால் நிற்கும் இடம் ஒவ்வொன்றும் அரை மணி. துபாய், சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ எல்லாம் தானாகவே பொருந்திவிடும். மெஷினில் எதையும் மாற்றவில்லை. கூடுதலாக ஒரு உதிரிபாகம் இல்லை. முள் வைக்கும் அந்த நேரத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவே.

மணி சரியாகிவிட்டது. நிமிடம்? திருச்சியில் 8.10 என்றால் நிமிட முள் 10இல் நிற்கும். டொராண்டோவில் நிமிடம் 40. மனக்கணக்காகப் போட்டுக்கொள்ளலாம். போடவே தேவையில்லாத வழியும் ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு இரண்டு நிமிட முட்கள். ரயில் வந்த காலத்தில் லண்டன் நேரம் ஒன்று, பிரிஸ்டல் நேரம் ஒன்று என்று இருந்தது. பிரிஸ்டல் சுமார் பத்து நிமிடம் பின்தங்கியது. சந்தைக்காரருக்குத் தங்கள் ஊர் நேரமும் வேண்டும், ரயிலைத் தவறவிடவும் கூடாது. ஆகவே இரண்டாவது நிமிட முள் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த இரண்டு முட்களும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பத்து நிமிட வித்தியாசத்துக்கு இரண்டாவது முள் ஒன்று வேண்டியிருந்தது. முப்பது நிமிட வித்தியாசத்துக்கு அதுகூட வேண்டாம். ஒரு மணி வட்டத்தில் முப்பது நிமிடம் என்பது நேர் எதிர்ப்பக்கம். நிமிட முள்ளின் வால் எப்போதும் முப்பது நிமிடம் தள்ளித்தான் நிற்கிறது! வாலைக் கொஞ்சம் நீட்டி, நுனியில் 24 மணி முள்ளின் நிறத்தையே தீட்டிவிட்டால், அதுவே அயலூர் நிமிட முள். 8.10க்கு முள்ளின் தலை 10இல், சிவந்த வால் 40இல். சிவந்த 24 மணி முள் 9க்கும் 10க்கும் நடுவே மூன்றில் இரண்டு பங்கு தாண்டி. சிவப்பை மட்டும் பார்த்தால் 9.40. கறுப்பை மட்டும் பார்த்தால் 8.10. வால் நீண்ட முட்கள் புதுமையும் அல்ல. தலைப்பக்கத்து எடையைச் சமன்செய்ய விநாடி முள்ளுக்கு வால் வைப்பது பழைய பழக்கம். உலகத்தில் கால்மணி வித்தியாசத்தில் வாழும் நேபாளத்தாருக்கு இந்தச் சலுகை கிடையாது. அரை மணி நமக்குத் தொல்லை என்றுதான் இதுவரை பேசப்பட்டிருக்கிறது. கடிகாரச் செய்நேர்த்திக்கு அது ஒரு வரம் என்பதை ஒரு நீண்ட வால் காட்டிவிடுகிறது.

இந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்பதற்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். பம்பாய் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். கல்கத்தா ஏறக்குறைய 5 மணி 54 நிமிடம் முன்னால். நடுவில் இருந்த சென்னை வானாய்வகத்தின் நேரம் 5 மணி 21 நிமிடம். இந்திய ரயில்கள் அந்தச் சென்னை நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82.5 டிகிரி கிழக்கு நெடுங்கோட்டை வைத்து 5 மணி 30 நிமிடம் என்று பொது நேரம் வகுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் பழைய நேரத்தைப் பல பத்தாண்டுகள் கைவிடவில்லை என்பது தனிக்கதை.

சிங்கப்பூரும் ஒரு காலத்தில் அரை மணி ஊர்தான். 1981 கடைசி வரை அது கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. சென்னைக்கும் அதற்கும் சரியாக இரண்டு மணி வித்தியாசம். எந்த ஜிஎம்டி கடிகாரமும் பிசகில்லாமல் காட்டியிருக்கும். 1982 பிறந்தபோது மலேசியத் தீபகற்பத்தோடு சேர்ந்து அது அரை மணி முன்னே நகர்ந்தது. வித்தியாசம் இரண்டரை மணி ஆயிற்று. இலங்கை 1996இல் முதலில் ஒரு மணி நேரம் முன்னே போய், அதே ஆண்டில் அரை மணி பின்னே வந்து, ஆறு மணியில் நின்றது. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. ஒரே தீவில் ஒரு சோதனைச்சாவடியைத் தாண்டினால் கடிகாரத்தை அரை மணி திருப்ப வேண்டியிருந்த காலம் அது. ஆகவே ஏழரை டிகிரி தள்ளி வைத்த முள்ளை எதிர்காலத்தில் ஓர் அரசு உத்தரவு வந்து பொய்யாக்கிவிடலாம். பொய்யானால் பெயர்த்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை.

இனி மெஷினின் பெயருக்கு வருவோம். போன் போடுகிறவர் வகையில் மலிவானது சீக்கோ குழுமத்தின் என்எச்34. 2022இல் சீக்கோ 5 ஜிஎம்டி கடிகாரங்கள் வந்ததையொட்டிப் பரவலானது. தானாகச் சாவி ஏறும், கையாலும் கொடுக்கலாம். மணிக்கு 21,600 அதிர்வு. முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓடும். துல்லியம்தான் சுமார். தொழிற்சாலைக் கணக்குப்படியே நாளுக்கு 20 விநாடி பின்தங்கலாம், 40 விநாடி முந்தலாம். நல்ல கை பட்டால் அதைவிட வெகு நன்றாக ஓடும். சுவிட்சர்லாந்து வேண்டுமென்றால் ஈடிஏ 2893-2. அதன் வழியில் செய்யப்பட்டது செலிட்டா எஸ்டபிள்யூ330. மணிக்கு 28,800 அதிர்வு, தடிமன் 4.1 மில்லிமீட்டர்தான். ஈடிஏ தன் மெஷின்களை வெளியாருக்குக் கொடுப்பதை ஆண்டுக்கணக்காகக் குறைத்துவந்ததால், தனியாகக் கடிகாரம் செய்பவர் கைக்கு எளிதில் வருவது செலிட்டாதான். விலை என்எச்34ஐப் போலப் பல மடங்கு.

தகப்பனாருக்கு என்எச்34ஏ போதும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. மிச்சமாகும் பணத்தை நல்ல முட்களுக்கும், தெளிவாக அச்சிட்ட டயலுக்கும், கீறல் விழாத சஃபையர் கண்ணாடிக்கும் போடலாம். அறுபது வயதுக் கண்ணுக்கு அதிர்வு எண்ணிக்கையைவிட எழுத்தின் அளவு முக்கியம். இன்னொரு காரணமும் உண்டு. கடிகாரம் திருச்சியில் கட்டப்படப்போகிறது. அதற்கு நோவு வந்தால் பார்ப்பவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணில் லூப்பை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கின் கீழ் குனிந்திருக்கும் ஒருவர். என்எச் வரிசை மெஷின்களின் அமைப்பு அவருக்குப் புரியாத புதிர் அல்ல. மிகவும் கெட்டுவிட்டால் மெஷினையே எடுத்துவிட்டு வேறொன்று வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நான்கு முட்கள் ஒன்றன் மேல் ஒன்று நிற்பதால் கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவே இடம் கூடுதலாக வேண்டும். மூன்று முள் கடிகாரத்துக்கான உறையை அளக்காமல் வாங்கிவிட்டு, கடைசியில் விநாடி முள் கண்ணாடியை உரசி நின்றுபோனால் மொத்த வேலையும் வீண்.

பறக்கிறவர் வகையில் வசதியான விலைக்கு வந்திருப்பது மியோட்டா 9075. அதுவும் 2022இல் வந்ததே. மியோட்டா என்பது சிட்டிசன் குழுமம். 1961இல் பெங்களூரில் எச்எம்டி கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது தொழில்நுட்பம் கொடுத்தது அதே சிட்டிசன்தான். தகப்பனார் மணிக்கட்டில் இருந்த பழைய எச்எம்டிக்கு இது தூரத்து உறவு. 2016இல் எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்த பிறகு, அந்த உறவின் மிச்சம் இப்படித்தான் நம் கைக்கு வருகிறது.

இந்த 9075 யாருக்கு? மகளுக்கு. கணக்கை அப்படியே திருப்பிப் போட்டால் பறக்கிறவர் மெஷின் வெகு அழகாகப் பொருந்துகிறது. அவள் டொராண்டோவில் வாழ்கிறாள். வேலைக்காக வான்கூவர், லண்டன், பாரிஸ் என்று போகிறாள். அந்த ஊர்களுக்கு நடுவே எல்லாம் முழு மணி வித்தியாசம். மணி முள் தாவினால் போதும், நிமிடம் நிற்காது. மாறாமல் இருக்க வேண்டியது திருச்சி நேரம். அது 24 மணி முள்ளில், ஏழரை டிகிரி தள்ளி வைக்கப்பட்டு, வருடம் முழுவதும் அசையாமல் ஓடும். சிவந்த வால் அவளுக்கும் அதே வேலையைச் செய்யும். எந்த மெஷின் உசத்தி என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. கட்டுகிறவர் இரவில் எந்த ஊரில் தலைசாய்க்கிறார் என்பதைக் கேட்காமல் மெஷின் சொல்பவர், நாடி பார்க்காமல் மருந்து எழுதுபவருக்குச் சமம்.

பணம் ஒரு பொருட்டல்ல என்பவர்களுக்கு அரை மணி எப்போதோ தீர்ந்துவிட்டது. வஷெரான் கான்ஸ்டன்டீன் நிறுவனத்தின் உலக நேரக் கடிகாரம் அரை மணி, கால்மணி ஊர்களையும் சேர்த்து 37 நேரங்களைக் காட்டும். கிளாஷ்யூட்டே ஒரிஜினலின் செனட்டர் காஸ்மோபொலீட் இன்னொன்று. ஆனால் ஜெனீவாவில் லூயி கோத்தியே 1930களில் வகுத்த பழைய உலக நேர முறையில் வட்டத்தில் 24 ஊர்களுக்குத்தான் இடம். அந்த மரபில் வந்த பல கடிகாரங்களில் கராச்சி இருக்கும், பக்கத்தில் டாக்கா இருக்கும். இரண்டுக்கும் நடுவே நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடு ஒன்று விடுபட்டிருக்கும். மறுகோடியில், மலிவான டிஜிட்டல் கடிகாரங்கள் இந்த வேலையைப் பல்லாண்டுகளாகச் சுலபமாகச் செய்கின்றன. ஒரே உறைக்குள் இரண்டு சிறிய குவார்ட்ஸ் மெஷின் வைத்து, ஆளுக்கொரு டயல் கொடுத்துவிடுவதும் நல்ல யோசனைதான். எந்த ஊருக்கும் எந்த நிமிடத்துக்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். இரண்டு செல் மாற்ற வேண்டும், டயல் இரண்டும் சிறுத்துப்போகும் என்பவை மட்டுமே குறை. சாவி கொடுத்துப் பழகிய கைக்கு அது ஒப்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் தனி ஆள் ஒருவர் அலைந்து திரிந்து சொல்லிச் செய்ய வேண்டியிருப்பதுதான் வருத்தம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனை! கடிகாரத் தொழில் நமக்குத் தூரத்துத் தொழிலும் அல்ல. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் 1984இல் கூட்டாகத் தொடங்கியது டைட்டன், தொழிற்சாலை ஓசூரில். அங்கே 1.15 மில்லிமீட்டர் தடிமனில் குவார்ட்ஸ் மெஷின் செய்து 2002இல் எட்ஜ் கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. அந்தத் திறமைக்கு முன்னால் ஏழரை டிகிரி தள்ளிய ஒரு முள்ளும், நிறம் தீட்டிய ஒரு வாலும் எம்மாத்திரம்? டைட்டனோ வேறொரு இந்திய நிறுவனமோ இதைக் கையில் எடுத்தால், ஜிஎம்டி என்ற எழுத்தைப் போட்டு வெளிநாட்டு வடிவத்தை நகலெடுப்பதைவிட நம் வீடுகளுக்கு நூறு மடங்கு பயன்படும். இந்திய நேரத்தில் பிறந்து, இந்திய நேரத்துக்காகவே செய்யப்பட்ட இரட்டை நேரக் கடிகாரம் என்று சொல்லி விற்கலாம். அது விளம்பர வாசகமாக மட்டும் நிற்காமல் உண்மையாகவும் இருக்கும்.

அதுவரை, சொல்லிச் செய்கிறவர் தன் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியவை அதிகமில்லை. 24 மணி முள் தேதி மாறும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். நிமிட முள்ளுக்கு நீண்ட வால். வாலும் 24 மணி முள்ளும் ஒரே நிறம். டயலில் 24 மணி எண்கள், இரவு நேரம் நிழலிட்டு. மகள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்பது எண்ணைப் படிக்காமலே தெரிந்துவிட வேண்டும்.

மார்ச் மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. டொராண்டோவில் நேரம் மாறிவிட்டது. தகப்பனார் சாவியை ஒரு படி இழுக்கிறார். விநாடி முள் நிற்காமல் ஓடுகிறது. மெல்லத் திருகுகிறார். சிவந்த முள் ஒருமுறை தாவி, 9க்கும் 10க்கும் நடுவிலிருந்து 10க்கும் 11க்கும் நடுவே போய் நிற்கிறது. வாலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. திருச்சியில் இரவு 8.10, சிவப்பில் 10.40. ஞாயிறு காலை, எழுந்து காபி குடித்திருப்பாள். சாவியை உள்ளே அழுத்திவிட்டுப் போனை எடுக்கிறார்.